எதிரே வருபவருக்கும் சாலை தெரிய வேண்டும்

வணக்கம் நேயர்களே. லாரிகளில் மின்வேலை செய்பவன் நான். நாமக்கல், சங்ககிரி பக்கம் எங்கள் தொழிலில் இருக்கும் எவரிடமும் ஓட்டுநர்கள் முதலில் சொல்லும் குறை, "வெளிச்சம் போதவில்லை" என்பதுதான். அது பொய்யான குறை அல்ல. நள்ளிரவில், மழையில், பின்விளக்கு இல்லாமல் சாலையோரம் நிற்கும் ஒரு டிராக்டர் டிரெய்லரை உரிய தூரத்தில் கண்டுபிடிப்பது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். எனவே நல்ல வெளிச்சம் கேட்கும் ஓட்டுநரை நான் ஒருபோதும் குறை சொல்லமாட்டேன். ஆனால் அதற்காக இன்று கடைகளில் கைமாறும் பொருளைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. பழைய ஹாலோஜன் பல்பைக் கழற்றிவிட்டு, அதே டூமுக்குள், அதாவது ஹெட்லைட் கூட்டுக்குள், ஒரு எல்.இ.டி. பல்பைச் செருகி அனுப்பிவிடுகிறார்கள்.

இதில் என்ன தவறு என்று புரிய, லாரிகளில் வரும் எச்4 ஹாலோஜன் பல்பு ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். கண்ணாடியில் விரல் படாமல் அடியைப் பிடியுங்கள். விரலின் எண்ணெய்ப் பசை பட்ட பல்பு சீக்கிரம் போய்விடும். உள்ளே இரண்டு இழைகள் தெரியும். ஒன்று பிரைட்டுக்கு, மற்றொன்று டிம்முக்கு. டிம் இழைக்கு அடியில் மட்டும் சிறு கரண்டி போல ஒரு உலோகத் தகடு ஏந்தி நிற்கும். பல்பைச் சுற்றி, ஒளியை முன்னால் திருப்பி அனுப்பும் பளபளப்பான கிண்ணம்தான் ரிப்ளெக்டர். டிம்மில் ஓட்டும்போது அந்தத் தகடு, ரிப்ளெக்டரின் கீழ்ப்பாதிக்கு ஒளி போகாமல் மறைக்கிறது. மேல்பாதியில் மட்டும் பட்ட ஒளி சாய்ந்து சாலையில் விழுகிறது. எதிரே வருபவரின் கண்ணைக் காப்பது விரல்நுனி அளவுகூட இல்லாத அந்தத் தகடுதான்.

ரிப்ளெக்டரின் வளைவு முழுவதும் அந்த இழை இருக்கும் இடத்தைக் கணக்கிட்டு வடிவமைக்கப்பட்டது. இழை ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலே ஒளி வேறு இடத்துக்குப் போய்விடும். எல்.இ.டி. பல்பில் ஒளி பிறக்கும் இடமும் வடிவமும் வேறு. அதை இந்த டூமில் பொருத்தினால் ஒளி மரக்கிளைக்கும் போகிறது, எதிரே வரும் ஸ்கூட்டர்காரர் முகத்துக்கும் போகிறது. பம்பருக்கு முன்னால் பத்து மீட்டர் மட்டும் பளீரென்று இருக்கும். ஓட்டுநர் மகிழ்ந்துபோகிறார். ஆனால் அருகே வெளிச்சம் கூடக்கூடக் கண்ணின் பாவை சுருங்கும். தொலைவில் இருப்பது இன்னும் இருட்டாகத் தெரியும். காசு கொடுத்து எதிரே வருபவரின் பார்வையையும் கெடுத்து, தன் பார்வையையும் குறைத்துக்கொண்ட கதை இது.

சரி, வெளிச்சம் ஏன் குறைந்தது? பெரும்பாலும் பல்பு குற்றவாளி அல்ல. பழைய லாரிகள் பலவற்றில் பேட்டரியிலிருந்து கிளம்பும் மின்சாரம் சுவிட்சுகளை எல்லாம் சுற்றிக்கொண்டு, மெல்லிய ஒயர் வழியாகத்தான் ஹெட்லைட்டுக்கு வருகிறது. நடுவில் துருப்பிடித்த எர்த் வேறு, அதாவது மின்சாரம் திரும்பிப் போக வண்டியின் உடம்போடு சேர்த்து முறுக்கிய இணைப்பு. ஹாலோஜன் பல்புக்கு வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்துவிடும். எஞ்சினை ஓடவிட்டு, விளக்கைப் போட்டு, பேட்டரியில் 28 வோல்ட் இருக்கும்போது பல்பு ஹோல்டரில் எவ்வளவு வருகிறது என்று மல்டிமீட்டரால் பாருங்கள். 25 என்று காட்டினால் மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம் ஒயரிலேயே தொலைகிறது என்று பொருள். பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வைத்துத் தடித்த ஒயர் இழுத்து, ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்) வழியாகப் பல்புக்கு நேரே கொடுங்கள். எர்த்தைச் சுரண்டிப் புதிதாக முறுக்குங்கள். அதே 75/70 வாட் (பிரைட்டுக்கு 75, டிம்முக்கு 70) பல்பு வேறு பல்பு போல எரியும். இதைச் செய்யாமல் 100/90 வாட் பல்பு போட்டால் ஹோல்டர் உருகும், ரிப்ளெக்டர் கறுக்கும். கறுத்த ரிப்ளெக்டருக்கு எந்தப் பல்பும் உதவாது. டூமையே மாற்ற வேண்டியதுதான்.

அடுத்தது, கிட்டத்தட்ட எல்லோரும் விட்டுவிடும் வேலை: விளக்கின் சாய்வைச் சரிபார்ப்பது. டயர்களில் காற்றைச் சரிபார்த்து, சமதளத்தில், ஒரு சுவருக்கு 10 மீட்டர் முன்னால் வண்டியை நிறுத்துங்கள். விளக்கின் நடு உயரத்தைச் சுவரில் சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். விளக்கு ஒரு மீட்டருக்கு மேல் உயரத்தில் இருந்தால், டிம் ஒளியின் மேல்விளிம்பு அந்தக் கோட்டுக்கு 15 முதல் 20 சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். காலி வண்டியில் மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடாதீர்கள். லோடு ஏறியதும் பின்பக்க ஸ்பிரிங் பட்டைகள் அமுங்கி, வண்டியின் முகம் நிமிரும். ஒரே ஒரு டிகிரி நிமிர்ந்தாலும் 50 மீட்டர் தொலைவில் ஒளி சுமார் 87 சென்டிமீட்டர் மேலேறும். சாலையில் விழ வேண்டிய ஒளி சரியாகக் கார் ஓட்டுநரின் கண்ணுக்குப் போய்விடும். கேபினுக்குள் விளக்கைத் தாழ்த்தும் திருகு இருக்கும் வண்டிகளில் லோடு ஏற்றியதும் அதைத் திருப்பிவிடுங்கள். அது இல்லாத வண்டியை லோடோடு கொண்டுவந்து சாய்வு வைப்பதே நியாயம்.

கண் கூசியவர் மீண்டும் தெளிவாகப் பார்க்கச் சில வினாடிகள் ஆகும். கண்புரை தொடங்கிய வயதானவருக்கு இன்னும் அதிகம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வினாடிக்கு 16 மீட்டருக்கு மேல் வண்டி ஓடிவிடும். அந்த நேரமெல்லாம் அவர் குருடராகத்தான் உங்களை நோக்கி வருகிறார்.

எல்.இ.டி.யே கூடாது என்று நான் சொல்லவில்லை. எல்.இ.டி.க்கென்றே வடிவமைத்து, சோதனையில் தேறிய முழு ஹெட்லைட்டை, உங்கள் வண்டியைத் தயாரித்த நிறுவனம் அந்த மாடலுக்கு அனுமதித்திருந்தால், வாங்கிப் பொருத்துங்கள். அது அருமையான பொருள். வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். நாம் சாலையின் இடப்பக்கம் ஓட்டுகிறோம். நம் விளக்கின் டிம் ஒளி இடப்பக்கம் சற்று மேலேறி, ஓரத்தில் நடப்பவரைக் காட்டும். வலப்பக்கம் ஓட்டும் நாடுகளுக்காகச் செய்த விளக்கு மலிவாகக் கிடைக்கிறது என்று மாட்டினால், மேலேறும் ஒளி நேராக எதிர்வண்டிக்குள் போகும். சுவரில் ஒளியை அடித்துப் பார்த்தாலே எந்தப் பக்கம் ஏறுகிறது என்று தெரிந்துவிடும்.

பம்பரிலும் கேபின் தலையிலும் கட்டும் எல்.இ.டி. பட்டைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முன்விளக்கின் ஒளி எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யாதபடி கீழ்நோக்கி இருக்க வேண்டும் என்று 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் சொல்கின்றன. அந்தப் பட்டைகளுக்குக் கீழ்நோக்கும் விளிம்பே கிடையாது. தனி சுவிட்ச் வைத்து இரவு முழுவதும் எரியவிடும் வண்டிகளைத் தினமும் பார்க்கிறேன். என்னிடம் வருகிறவர்களிடம் கழற்றிவிடத்தான் சொல்கிறேன். அந்தக் காசில் ரிலேயும் ஒயரும் வாங்கிக் கொடுங்கள், அரைநாளில் மாட்டித் தருகிறேன்.

நன்றி. வணக்கம்.