கருப்பாக இருந்தாலும்

(பள்ளி ஒன்றின் பெற்றோர் கூட்டத்தில் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை ஒருவர் பேசியது)

பெற்றோர்களே, ஆசிரியர்களே, முன்னால் தரையில் உட்கார்ந்திருக்கும் குழந்தைகளே, வணக்கம்.

உடம்பைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறீர்கள். இந்தத் தலைப்பில் மேடையேறுகிறவர்கள் சுவரையும் சித்திரத்தையும் சொல்லித்தான் தொடங்குவார்கள். நான் முப்பது ஆண்டு மைதானத்தில் விசில் ஊதியவள். எனக்குத் தெரிந்ததெல்லாம் வெயிலும் சுண்ணாம்புக் கோடும்தான். அதனால் ஒரு தவற்றில் தொடங்குகிறேன். என் தவறு.

ஒரு விளையாட்டு விழாவில் கயிறு இழுக்கும் போட்டி. கயிற்றின் கடைசியில் கனமான ஆளை நிறுத்துவது வழக்கம். ஏழாம் வகுப்பில் அப்படி ஒரு பெண் இருந்தாள். "அம்மிக்கல்லைக் கடைசியில் நிறுத்துங்கள்" என்று கத்தினேன். பாராட்டாகத்தான் சொன்னேன். மைதானமே சிரித்தது. எங்கள் அணி ஜெயித்தது. குதிகாலை மண்ணில் பதித்து, பின்னால் சாய்ந்து அவள் நின்ற நிலை இன்னும் என் கண்ணில் இருக்கிறது, அவ்வளவு அழகு. அடுத்த வாரத்திலிருந்து உடற்கல்வி வகுப்பு வந்தால் அவளுக்கு வயிற்று வலியும் வந்தது. ஆண்டு முழுக்க வந்தது. நானும் பதிவேட்டில் எழுதிக்கொண்டே இருந்தேன், வயிற்று வலி என்று.

பெயர் வைக்கும் இந்த வேலை பிரசவ அறை வாசலிலேயே தொடங்கிவிடுகிறது. "காது மடலைப் பார், அதுதான் நிஜ நிறம்" என்கிறார் ஒரு பெரியம்மா. சப்பையாகிவிடக் கூடாதென்று குளிப்பாட்டும் பாட்டி மூக்கை நீவிவிடுகிறார். தாய் குடித்த குங்குமப்பூப் பாலுக்குக் கணக்குக் கேட்கிறார்கள். பிறந்தபோது வெளிறியிருக்கும் குழந்தைக்குச் சில மாதங்களில் நிறம் கூடுவது இயற்கை. தோலில் மெலனின் என்ற நிறமி மெல்ல மெல்லத்தான் சேர்கிறது. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்கும் குடை அது. நம் ஊர் வெயிலுக்கு அதைவிட நல்ல குடை எந்தக் கடையிலும் இல்லை. கடையில் இருப்பதெல்லாம் குடையை மடக்கச் சொல்லும் கிரீம்கள். 1975-இல் விற்பனைக்கு வந்த ஒரு கிரீம், 2020-இல் தன் பெயரிலிருந்த 'ஃபேர்' என்ற சொல்லை எடுத்துவிட்டது. கம்பெனிக்கே கூச்சம் வந்துவிட்டது. "கருப்பாக இருந்தாலும் களையாக இருக்கிறாள்" என்று நாம் சொல்வதில் உள்ள அந்த 'இருந்தாலும்' மட்டும் நமக்கு இன்னும் உறுத்தவில்லை.

வைக்கிற பெயர்கள் இப்படி. சொல்லாமல் விடுகிற பெயர்களும் உண்டு. கண், காது, மூக்கு என்று விரல் வைத்துச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே வருகிறோம். தொப்புள் தாண்டியதும் ஒரே தாவலில் முழங்கால். குளித்துவிட்டு ஈரத்தோடு ஓடிவரும் இரண்டு வயதுக் குழந்தையைப் பார்த்து "ஷேம் ஷேம்" என்று கைதட்டுகிறோம். ஆண்குறி, பெண்குறி இரண்டும் அகராதியில் இருக்கின்றன, வீட்டில் இல்லை. சிறுநீர் போகும்போது எரிகிறது என்று சொல்ல வார்த்தை கிடைக்காமல், ஒரு வாரம் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திய சிறுமியை எனக்குத் தெரியும். (கழிப்பறைக் கதவுகளின் தாழ்ப்பாள் வேறு கதை. தலைமையாசிரியர் மேடையில் இருக்கும்போதே அதையும் சொல்லிவிடுகிறேன்.)

எரிச்சலையே சொல்ல முடியாத குழந்தை, ஒருவர் தொட்டதை எப்படிச் சொல்லும்? குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க 2012-இல் வந்த போக்சோ சட்டம், குழந்தையிடம் வாக்குமூலம் வாங்கும் காவலர் சீருடையில் இருக்கக் கூடாது என்கிறது. குழந்தையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ வைத்துத்தான் கேட்க வேண்டும் என்கிறது. சட்டம் இவ்வளவு குனிந்து காது கொடுக்கிறது. சொல்லை நாம் கொடுத்திருக்கிறோமா? உதவிக்கு 1098 என்ற எண்ணை மனப்பாடம் செய்ய வைக்கிறோம். மாலையில் விருந்தாளி வந்ததும், "மாமாவுக்கு முத்தம் கொடு" என்று அதே குழந்தையைப் பிடித்துத் தள்ளுகிறோம். அது முகத்தைத் திருப்பிக்கொண்டால் மரியாதை தெரியாத பிள்ளை. அந்த மாமா எவ்வளவு நல்லவராகவும் இருக்கட்டும். கன்னம் அவருடையது அல்லவே.

கணக்கு ஆசிரியர் என்னை மன்னிக்க வேண்டும். உடற்கல்வி வகுப்பைக் கடன் வாங்குகிறவர் அவர்தான்; நான் இருந்தவரை ஒன்றைக்கூடத் திருப்பித் தந்ததில்லை. ஆறாம் வகுப்பு வாக்கில் பல பெண்பிள்ளைகள் பையன்களை முந்திக்கொண்டு வளர்ந்துவிடுவார்கள். 'பனைமரம்' என்று ஒருவன் சொன்னால் போதும், அவள் தோளைக் குறுக்கிக்கொண்டு நடக்கத் தொடங்குவாள். அந்தக் கூனலை அறிவுரை நிமிர்த்தாது. உயரம் தாண்டும் கம்பிக்கு முன்னால் நிறுத்திப் பாருங்கள். தன் கால் தன்னை எவ்வளவு தூக்குகிறது என்று கண்டவள், கொஞ்ச நாளைக்காவது கண்ணாடியிடம் கருத்துக் கேட்க மாட்டாள்.

போன மாதம் பேருந்து நிலையத்தில் "டீச்சர்" என்று ஒரு குரல். அம்மிக்கல். மன்னியுங்கள், பாருங்கள், அவள் பெயருக்கு முன்னால் இன்றும் அதுதான் வாயில் வருகிறது. "அன்று கயிறு கைத்தோலை உரித்துவிட்டது டீச்சர். அது வலிக்கவில்லை" என்று மட்டும் சொன்னாள். பக்கத்தில் அவள் மகள், எட்டு வயதிருக்கும், ஒல்லியான குழந்தை. "என்ன, சாப்பிடுவதே இல்லையா?" என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கினேன். வேறு என்ன கேட்பது? ஒரு குழந்தையைப் பார்த்ததும் கேட்க என்னிடம் வேறு கேள்வியே இல்லை. திணறிப்போய், "மரம் ஏறுவாயா?" என்றேன்.

"கொய்யா மரம் ஏறுவேன். வேப்பமரம் பாதிவரை" என்றாள். பஸ் வரும்வரை, முழங்காலில் இருந்த ஒவ்வொரு சிராய்ப்பும் எந்தக் கிளையில் வாங்கியது என்று காட்டிக்கொண்டிருந்தாள்.