பட்டம் கண்ணுக்குத் தெரியும், கயிறு தெரியாது

வணக்கம் மக்களே. "ஒரு பட்டம் போய் விமானத்தை என்னங்க பண்ணிடும்?"னு கீழ கமென்ட்ல நெறைய பேர் கேட்டிருந்தீங்க. நியாயமான கேள்விதான். பதிலுக்கு இந்தோனேசியாவோட பாலித் தீவு வரைக்கும் போகணும்.

2024 ஜூலை 19. பாலியோட தெக்கு முனைல பெச்சாத்துன்னு ஒரு ஊரு. கருட விஷ்ணு சிலை இருக்கிற வளாகத்துலேர்ந்து ஒரு பெல் 505 சுற்றுலா ஹெலிகாப்டர் கெளம்புது. சின்ன வண்டி, பைலட்டோட சேர்த்து அஞ்சு பேரு. கெளம்பின கொஞ்ச நிமிஷத்துல பாறைப் பக்கமா விழுந்துருச்சு. அஞ்சு பேரும் உயிரோட வந்துட்டாங்க. விழுந்த வண்டியோட படத்துல பார்த்தீங்கன்னா, ரோட்டாரை, அதாவது மேல சுத்துற விசிறியைச் சுத்தி பட்டக் கயிறு சுருண்டு கெடக்கு.

இங்க நம்ம மொட்டைமாடிக் காத்தாடிய மனசுல வெச்சுக்காதீங்க. பாலில ஜங்கான்னு ஒரு வகை இருக்கு, வாலு மட்டுமே நூறு மீட்டரைத் தாண்டும். ஒரு தெருக்கூட்டமே சேர்ந்து தூக்கிட்டு ஓடித்தான் ஏத்துவாங்க. யாழ்ப்பாணத்து ஆளுங்களுக்கு இது சட்டுனு புரியும். வல்வெட்டித்துறைல பொங்கலுக்கு விடுற பட்டத்துல விண்ணு, அதான் காத்துல சத்தம் போடுற நாடா, கட்டி கூவ விடுவாங்கல்ல, அதே மாதிரி அங்கயும் வில்லு கட்டி ஊத விடுறாங்க. இந்த சைஸுக்கு நூலெல்லாம் தாங்காது, கயிறுதான். 2021 டிசம்பர்ல பருத்தித்துறைப் பக்கம் பட்டக் கயித்தைப் பிடிச்சிருந்த ஒருத்தரையே காத்து மேல தூக்கிட்டுப் போன வீடியோ நீங்களே பார்த்திருப்பீங்க. ஆளைத் தூக்குற கயிறு அது!

அந்தக் கயிறு சுத்துற ரோட்டார்ல பட்டா, உடனே அறுந்து விழும்னு சொல்ல முடியாது. ரோட்டாரே அதை இழுத்து சுத்திக்கும். ரோட்டார் இறக்கையோட சாய்வை மாத்துற சின்னச் சின்னக் கம்பியெல்லாம் ரோட்டார் மாட்டியிருக்கிற தண்டு பக்கத்துலதான் இருக்கு. அது சிக்கிக்கிச்சுன்னா பைலட் கையில இருக்கிற ஸ்டிக்குக்கு வேலையே இல்ல. செஸ்னா மாதிரி சின்ன விமானத்துல முன்னாடி ப்ரொப்பெல்லர் வெட்டிவிட வாய்ப்பு இருக்கு. ஆனா அதுக்குத் தப்பி றெக்கைல மாட்டினா, ஏலரான், அதாவது விமானத்தைப் பக்கவாட்டுல சாய்க்க றெக்கை ஓரத்துல இருக்கிற பலகை, அசையுற இடுக்குல போய் உக்காந்துக்கலாம். பட்டம் மோதுறது சின்ன விஷயம். பட்டத்தைத் தூரத்துலேர்ந்தே பார்த்து ஒதுங்கிடலாம். அதுக்குக் கீழ சாய்வா வர்ற கயிறு காக்பிட்லேர்ந்து தெரியவே தெரியாது.

இன்னொண்ணு சொல்றேன், இது எனக்கு ரொம்பப் பிடிச்ச தகவல். இரண்டாம் உலகப்போர்ல சரக்குக் கப்பல்கள் மேல பட்டம் பறக்க விட்டிருக்காங்க, மெல்லிசு கம்பி கட்டி. எதுக்கு? தாழப் பறந்து வர்ற எதிரி விமானம் கிட்ட வரக்கூடாதுன்னு! அன்னைக்கு ஆயுதமா வெச்சிருந்ததைத்தான் இன்னைக்கு வெளையாட்டா ஏத்துறோம்.

சரி, உயரம். இங்கதான் எல்லாரும் ஏமாறுவோம். 300 மீட்டர் கயிறு விட்டு, அது 45 டிகிரில நின்னா, பட்டம் 210 மீட்டர்ல இருக்கு. கிட்டத்தட்ட 700 அடி. சாதாரணமா 3 டிகிரி சரிவுல இறங்குற விமானம், ரன்வேக்கு 2 கிலோமீட்டர் இருக்கும்போது ஏறக்குறைய 350 அடிலதான் இருக்கும். அதாவது உங்க பட்டத்துக்குக் கீழ, சரியா கயிறு நிக்கிற எடத்துல.

சட்டம் இல்லையான்னா, இருக்கு. பாலில 2000லயே போட்டாச்சு: ஏர்போர்ட்லேர்ந்து 9 கிலோமீட்டருக்குள்ள ஏத்தவே கூடாது, 9லேர்ந்து 18 வரைக்கும் 100 மீட்டருக்கு மேல போகக்கூடாது. பெச்சாத்து அந்த ரெண்டாவது வட்டத்துல வருது. பிரிட்டன்ல 60 மீட்டர்தான் வரம்பு. இந்தியாவுல 2024 வரைக்கும் இருந்த 1934 விமானச் சட்டத்துல 'விமானம்'ங்கிற வரையறைக்குள்ளயே பட்டமும் வந்துச்சு, தெரியுமா?

ஆனா வட்டம் போட்டு தடை பண்றது மட்டும் போதாதுன்னுதான் எனக்குத் தோணுது. கடற்கரைல நிக்கிற பையனுக்கு 100 மீட்டர் எவ்ளோன்னு எப்படித் தெரியும்? பட்ட சீசன் எந்த மாசம்னு ஊருக்கே தெரியும்போது, சுற்றுலா ஹெலிகாப்டர் பறக்குற பாதையையும் உயரத்தையும் அந்த மாசத்துல மாத்தலாமே. ரெண்டு பக்கமும் பேசி வெச்சுக்கணும்.

அமெரிக்க விதில ஒண்ணு இருக்கு, எனக்கு அது ரொம்ப நடைமுறையாப் படுது. அஞ்சு பவுண்டுக்கு மேல எடையுள்ள பட்டம் 150 அடியைத் தாண்டினா, அங்கேர்ந்து ஒவ்வொரு 50 அடிக்கும் கயித்துல கலர் துணி கட்டணும், ஒரு மைல் தள்ளி நின்னாலும் தெரியுற மாதிரி. பெரிய பட்டம் கட்டுறவங்க யாராவது இதைப் பார்க்குறீங்களா? கயித்துல துணி கட்டினா முச்சை (பட்டத்தையும் கயித்தையும் சேர்க்குற கட்டு) பாரம் தாங்குமா, பட்டம் இறங்கிடுமா? கட்டிப் பார்த்துட்டு கமென்ட்ல சொல்லுங்க.