மாஸ்கோ மியூல் பிறந்தது மாஸ்கோவில் இல்லை

வணக்கம். முதலில் இந்தச் செம்புக் கோப்பையைக் கிட்டே காட்டுகிறேன். ஐஸ் போட்டு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, வெளிப்பக்கம் முழுக்க முத்து முத்தாக வேர்த்துவிட்டது. இன்றைக்கு மாஸ்கோ மியூல்.

பெயர்தான் மாஸ்கோ. இது 1941 வாக்கில் அமெரிக்காவில் பிறந்த பானம். ஹ்யூப்ளைன் என்ற மது நிறுவனத்தின் ஜான் மார்ட்டின் 1939-ல் ஸ்மிர்னாஃப் வோட்காவின் உரிமையை 14,000 டாலருக்கு வாங்கியிருந்தார். அந்த நாளில் அமெரிக்காவில் விஸ்கிக்கும் ஜின்னுக்கும்தான் மவுசு. வோட்காவைச் சீந்த ஆளில்லை. லாஸ் ஏஞ்சல்ஸில் காக் அண்ட் புல் என்ற உணவகத்தை நடத்திய ஜாக் மார்கனிடம் ஜிஞ்சர் பீர் என்ற காரமான இஞ்சிச் சோடா தேங்கிக் கிடந்தது. போணியாகாத இரண்டு சரக்கும் ஒரே கோப்பையில் சேர்ந்தன. முதலில் கலந்தது யார் என்பதில்தான் சர்ச்சை. மார்கனும் மார்ட்டினும் நியூயார்க்கில் உட்கார்ந்து யோசித்தது என்பார்கள். அந்த உணவகத்தில் மது கலந்து கொடுத்த வெஸ் பிரைஸோ, கிடங்கைக் காலி செய்ய நான்தான் கலந்தேன் என்றார். வேலை செய்தவர் பேச்சைத்தான் என் மனம் நம்புகிறது.

அப்புறம் மார்ட்டின் செய்தது எனக்கு ரொம்பப் பிடிக்கும். எடுத்தவுடனே படத்தைக் கையில் தரும் போலராய்டு கேமராவோடு பார் பாராக ஏறி இறங்கினார். கையில் செம்புக் கோப்பையும் ஸ்மிர்னாஃப் பாட்டிலுமாக அங்கே வேலை செய்பவரை நிற்க வைத்து இரண்டு படம் எடுப்பார். ஒன்று அவருக்கு. மற்றொன்றை அடுத்த பாரில் காட்டி, பக்கத்துக் கடையில் இதுதான் ஓடுகிறது என்பார்.

சரி, கலக்கலாம். கோப்பை நிறைய ஐஸ். வோட்கா 45 மி.லி., அப்போதே பிழிந்த எலுமிச்சைச் சாறு 10 மி.லி., மேலே ஜிஞ்சர் பீர் 120 மி.லி. ஒரே ஒரு சுற்று, மெதுவாக. குலுக்கினால் கேஸ் போய்விடும். ஜிஞ்சர் ஏல் ஊற்றாதீர்கள். அதில் இனிப்புதான் முந்தும், இஞ்சியின் காரம் தொண்டையில் இறங்காது.

கோப்பை வாங்கும்போது உள்பக்கத்தைப் பாருங்கள். என்னுடையதில் உள்ளே எவர்சில்வர். எலுமிச்சையின் புளிப்பு பட்டால் செம்பு கரைந்து பானத்தில் இறங்கும். ஈயம் பூசாத பித்தளையில் நம் பாட்டிமார் புளிக்குழம்பு வைக்காததும் இதே காரணத்தால்தான்.

இதோ, முதல் வாய். உதட்டில் செம்பின் சில்லிப்பு, அதற்குப் பின்னால் இஞ்சி.