சூரியன் இறங்கிய பிறகு கரண்ட் எங்கிருந்து வருகிறது?

வணக்கம் நண்பர்களே. மைக்கில் காற்றுச் சத்தம் கொஞ்சம் இரையும், பொறுத்துக்கொள்ளுங்கள். காவல்கிணற்றிலிருந்து நாகர்கோவில் போகிற சாலையில், முப்பந்தல் பக்கம் நிற்கிறேன். கேமராவை எந்தப் பக்கம் திருப்பினாலும் காற்றாலைதான்.

இன்று பேசப்போவது தமிழ்நாட்டுக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பற்றி. வழக்கமாக எல்லோரும் கேட்பது "மொத்தம் எத்தனை மெகாவாட் இருக்கிறது?" என்றுதான். என்னைக் கேட்டால், எந்த நேரத்தில் எத்தனை மெகாவாட் கிடைக்கிறது என்று கேட்க வேண்டும். 2024 மே 2ஆம் தேதி, அக்னி நட்சத்திரம் தொடங்க இன்னும் இரண்டு நாள் இருக்கும்போதே, மாநிலத்தின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அந்த அளவு மின்சாரத்தை முந்தின நாளே செய்து கம்பியில் நிரப்பி வைக்க முடியாது. நீங்கள் ஸ்விட்ச் போடுகிற அதே நொடியில் எங்கோ ஒரு டர்பைன் அதற்காகச் சுற்ற வேண்டும். தேவையும் உற்பத்தியும் சமமாக இருந்தால் மின்சாரத்தின் அலைவெண், அதாவது நொடிக்கு எத்தனை அலை என்ற கணக்கு, 50 ஹெர்ட்ஸில் நிற்கும். சமம் தவறினால் அது ஏறும், இறங்கும். ரொம்ப இறங்கினால் மின்வெட்டுதான்.

சரி, யார் யார் தருகிறார்கள் என்று பார்ப்போம். நிலக்கரியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வட சென்னை, மேட்டூர், தூத்துக்குடி மூன்றும் மாநில அரசின் பெரிய அனல் மின் நிலையங்கள். கரி பெரும்பாலும் ஒடிசாவின் தால்ச்சேர் சுரங்கங்களிலிருந்து ரயிலில் பாரதீப் வரும், அங்கிருந்து கப்பலில் எண்ணூருக்கும் தூத்துக்குடிக்கும் வரும். மேட்டூருக்கு மறுபடியும் ரயில். இவ்வளவு தூரம் சுமந்து வந்து எரிக்கிறோம். 2024 மார்ச்சில் வட சென்னையில் 800 மெகாவாட் அலகு ஒன்று புதிதாகத் திறக்கப்பட்டது. ஆறிப்போன கொதிகலனை மறுபடி சூடாக்கி ஓட்ட பல மணி நேரம் ஆகும். அதனால் மதியம் தேவை குறைகிறது என்று நிறுத்திவிட்டு, சாயந்திரம் திரும்ப ஓட்டுகிற சமாச்சாரம் நடக்காது. பாதி அளவுக்காவது எரிந்துகொண்டே இருக்க வேண்டும்.

நெய்வேலியை அப்படி ஒரு வரியில் தாண்ட மனம் வரவில்லை. 1930களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணறு தோண்டும்போது கறுப்பாக ஏதோ வெளிவந்தது. அதுதான் பழுப்பு நிலக்கரி. 1956இல் அதை வெட்டியெடுக்க என்.எல்.சி. என்ற மத்திய அரசு நிறுவனம் தொடங்கியது, சோவியத் உதவியோடு 1962இல் முதல் மின் நிலையம் ஓடத் தொடங்கியது. பிறகு 600 மெகாவாட்டாக வளர்ந்து, 2020இல் ஓய்வு பெற்றது. புது நிலையங்கள் அதன் இடத்தை எடுத்துக்கொண்டன. ஆனால் அந்தச் சுரங்கங்களுக்காக ஊர் ஊராக நிலம் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். 2023 ஜூலையில் வளையமாதேவியில் நின்ற நெற்பயிரின் மேல் இயந்திரம் இறங்கியதைப் பார்த்தபோது எனக்கு வயிறு எரிந்தது. யூனிட் விலையில் அந்த இழப்பு ஏறுவதில்லை.

அணு மின்சாரம் கல்பாக்கத்தில் 220 மெகாவாட் அலகுகள் இரண்டு (அதில் ஒன்று 2018 முதல் பல ஆண்டுகளாக ஓடவில்லை), கூடங்குளத்தில் 1,000 மெகாவாட் அலகுகள் இரண்டு. கூடங்குளம் முழுவதும் நமக்கு இல்லை, பாதிக்குச் சற்று மேல் தமிழ்நாட்டுக்கு, மீதி அண்டை மாநிலங்களுக்கு. இரவு பகல் ஒரே அளவில் ஓடும்.

இப்போது என் பின்னால் சுற்றுகிறதே, இதற்கு வருவோம். மேற்குத் தொடர்ச்சி மலை ஒரு நீளமான சுவர் மாதிரி நிற்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று அந்தச் சுவரில் எங்கே இடைவெளி இருக்கிறதோ அங்கே நெருக்கிக்கொண்டு பாயும். பாலக்காடு, கம்பம், செங்கோட்டை, ஆரல்வாய்மொழி என்று நான்கு கணவாய்கள். நம் காற்றாலைகளில் பெரும்பகுதி இந்த நான்கின் வாயில்தான் இருக்கிறது. 1986இல் தூத்துக்குடி பக்கம் முள்ளக்காட்டில் அரசு சோதனையாகச் சில காற்றாலைகளை நிறுத்தியது. அதிலிருந்து தொடங்கி இன்று 10,000 மெகாவாட்டைத் தாண்டி நிற்கிறோம். பல ஆண்டுகள் இந்தியாவில் முதலிடம் நம்முடையது, பிறகு குஜராத் முந்தியது. இங்கே தாழ்வாக, குட்டை இறக்கைகளோடு நிற்பவற்றைப் பாருங்கள். 250 கிலோவாட் மாதிரியான பழைய இயந்திரங்கள். காற்று நன்றாக அடிக்கிற இடமாகப் பார்த்து முதலில் வந்தவர்கள் வைத்தது. அதனால் நல்ல இடமெல்லாம் சின்ன இயந்திரங்களிடம் மாட்டிக்கொண்டிருக்கிறது. அவற்றை எடுத்துவிட்டு இரண்டு, மூன்று மெகாவாட் இயந்திரங்களை வைக்க 2024இல் மாநில அரசு தனிக் கொள்கையே கொண்டுவந்தது. அது சீக்கிரம் நடக்க வேண்டும் என்று ரொம்ப ஆசைப்படுகிறேன். ஒரே காற்று, ஒரே நிலம், பல மடங்கு கரண்ட்.

காற்றின் சிக்கல் மாதக் கணக்கு. மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை கொட்டும். அப்போது சாயந்திரமும் நன்றாக அடிக்கும், கவலை இல்லை. ஐப்பசி வந்தால் இறங்கிவிடும். பங்குனி, சித்திரை வெயிலில், பிள்ளைகளுக்குப் பரீட்சை நடக்கும்போது, இங்கே பல இறக்கைகள் சும்மா நிற்கும்.

சூரிய ஒளியின் சிக்கல் மணிக் கணக்கு. கமுதியில் 648 மெகாவாட் சோலார் நிலையம் 2016இல் வந்தபோது ஒரே இடத்தில் உலகிலேயே பெரியது என்று பேசப்பட்டது. இன்று மாநிலத்தின் மொத்த சோலாரும் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. ஆனால் மதியம் பன்னிரண்டுக்கு எவ்வளவு கொடுத்தாலும் ஆறரை மணிக்கு அது பூஜ்யம். அதே நேரத்தில்தான் வீடுகளில் விளக்கு, டிவி, ஏசி எல்லாம் ஒன்றாக ஏறுகிறது. பற்றாக்குறைக்கு மின் சந்தையில் வாங்கலாம்தான். பகலில் மலிவாகக் கிடைக்கிற யூனிட், கோடை மாலைகளில் மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் விதித்த உச்சவரம்பான 10 ரூபாய் வரை போகிறது. ஏனென்றால் இந்தியா முழுக்க அந்த நேரத்தில் சூரியன் இறங்கியிருக்கும்.

பழைய நிலைமையைவிட இது எவ்வளவோ மேல் என்பதையும் சொல்ல வேண்டும். 2012இல் கோவை, திருப்பூர் பக்கம் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்வெட்டு. அன்று வடக்கே மின்சாரம் இருந்தாலும் வேண்டிய அளவு கொண்டுவரப் பாதை இல்லை. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் லைன் வழியாகத் தெற்கு மின்கட்டமைப்பு நாட்டின் மற்றப் பகுதியோடு இணைந்தது. அப்புறம் சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து நம் புகளூர் வரை 6,000 மெகாவாட் தாங்கும் உயர் அழுத்த லைன் வந்தது. காற்று சீசனில் நம்முடைய மிச்சத்தை அதே லைனில் வடக்கே திருப்பி அனுப்பவும் முடியும்.

இத்தனை சொன்னதும் ஒரு இடத்தைக் காட்டத்தான். வால்பாறை மலையில் இருக்கும் கடம்பாறை. 1980களின் இறுதியில் கட்டி முடித்த நீரேற்று புனல் மின் நிலையம், மலைக்குள் குடைந்து வைத்த நான்கு 100 மெகாவாட் இயந்திரங்கள். நாம் வீட்டில் கரண்ட் இருக்கும்போது மோட்டார் போட்டு மொட்டைமாடித் தொட்டியை நிரப்பி வைக்கிறோமே, அதேதான். கீழே இருக்கிற ‘மேல் ஆழியார்’ என்ற அணையின் தண்ணீரை, மின்சாரம் மிஞ்சுகிற நேரத்தில் கடம்பாறை அணைக்கு ஏற்றுவார்கள். தேவை எகிறும்போது அதே தண்ணீரை இறக்கி அதே இயந்திரத்தில் கரண்ட் எடுப்பார்கள். நூறு யூனிட் செலவழித்தால் எழுபத்தைந்து, எண்பது திரும்பும். நிலக்கரிபோல் மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டாம், சில நிமிடங்களில் ஓடத் தொடங்கிவிடும்.

1932இல் பைக்காரா நீர்மின் நிலையம் வந்துதான் கோவை ஆலைகள் பெருகின. அந்த ஊர் மனிதர்களுக்கு மலைத் தண்ணீரின் அருமை தெரியும். ஆனால் நீரேற்று நிலையம் என்று நம்மிடம் இத்தனை காலமாக இருப்பது கடம்பாறை ஒன்றுதான். 400 மெகாவாட் எங்கே, 20,000 எங்கே? நீலகிரியில் போர்த்திமந்து அணைக்கும் அவலாஞ்சி–எமரால்டுக்கும் நடுவே 500 மெகாவாட் குந்தா திட்டம் பல ஆண்டுகளாகக் கட்டுமானத்தில் இழுத்துக்கொண்டே போனது. ஒரு சோலார் பூங்காவைத் திறக்கும்போது நாம் தட்டுகிற கைதட்டலில் பாதி இதற்கும் விழ வேண்டும். ஏற்கெனவே அணைகள் இருக்கிற இடம், புதிதாக ஊரை மூழ்கடிக்க வேண்டியதில்லை.

இன்னொன்று, செலவே அதிகம் இல்லாதது. இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாய மோட்டார்கள் இந்த மாநிலத்தில் ஓடுகின்றன. அவற்றுக்கான மும்முனை மின்சாரத்தை முடிந்தவரை சோலார் கொட்டுகிற பகல் நேரத்துக்கே கொண்டுவந்துவிட்டால் மாலைச் சுமை இறங்கும். ராத்திரியில் டார்ச் அடித்துக்கொண்டு, பாம்புக்குப் பயந்துகொண்டு வரப்பில் நடந்து மோட்டார் போடுகிற வேலையும் விவசாயிகளுக்கு மிச்சமாகும். உங்கள் ஊரில் மும்முனை எத்தனை மணிக்கு வருகிறது என்று கமெண்டில் ஊர்ப் பெயரோடு எழுதுங்கள். மஞ்சூர், குந்தா பக்கம் இருப்பவர்கள் அணை வேலை எப்படிப் போகிறது என்றும் சொல்லுங்கள். அடுத்த வீடியோ அங்கிருந்துதான்.