கேஸ் மாத்திரை சாப்பிட்டால் பீரியட்ஸ் தள்ளிப்போகுமா?

(திரையில்: மாத்திரை அட்டையின் பின்பக்கம்)

நெஞ்செரிச்சல், வயிறு உப்புசம் என்று மருந்துக்கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ளும் கேப்ஸ்யூலைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். பான்டோப்ரசோல் அல்லது ரபெப்ரசோல் என்று இருக்கும். அமிலத்தைக் குறைப்பது அது. கூடவே டோம்பெரிடோன் என்றோ லெவோசல்பிரைடு என்றோ இன்னொரு பெயர் இருக்கிறதா? இன்றைக்கு அதைப் பற்றித்தான் பேசப்போகிறோம்.

(அனிமேஷன்: மூளைக்கு அடியில் பிட்யூட்டரி)

தாய்ப்பாலைச் சுரக்கவைக்கும் ஹார்மோனான ப்ரோலாக்டின், பட்டாணி அளவே உள்ள இந்தப் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வருகிறது. இதன் மற்ற ஹார்மோன்கள் பலவும் மூளை உத்தரவு போட்டால்தான் சுரக்கும். ப்ரோலாக்டின் கதையே வேறு. அதை எப்போதும் அடக்கி வைத்திருக்க வேண்டும். அந்த வேலையைச் செய்வது டோபமைன் என்ற மூளை வேதிப்பொருள். டோம்பெரிடோனும் லெவோசல்பிரைடும் டோபமைனின் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கின்றன. குமட்டல் நிற்கிறது, சரி. ஆனால் ப்ரோலாக்டினை அடக்க ஆள் இல்லை. டோம்பெரிடோன் மூளைக்குள் அதிகம் போகாத மருந்துதான், ஆனால் பிட்யூட்டரி இருப்பது ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவிலுள்ள தடுப்புக்கு வெளியே.

ப்ரோலாக்டின் ஏறினால் மாதவிடாய் தள்ளிப்போகலாம், சிலருக்கு நின்றேவிடும். குழந்தை பெறாதவருக்கும் மார்பில் பால் கசியலாம். ஆண்களுக்கு உடலுறவில் ஆசை குறையலாம், மார்பு பெருக்கலாம்.

சிக்கல் என்னவென்றால், டாக்டர் "வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்கும்போது கேஸ் மாத்திரையை யாரும் சொல்வதில்லை. அதையெல்லாம் நாம் மருந்துக் கணக்கிலேயே சேர்ப்பதில்லையே! அப்புறம் ரத்தப் பரிசோதனையில் ப்ரோலாக்டின் அதிகம் என்று வந்ததும், பிட்யூட்டரியில் கட்டியோ என்று எம்ஆர்ஐ வரை போகும். டாக்டர் ஒப்புக்கொண்டால் மூன்று நாள் மாத்திரையை நிறுத்திவிட்டு மறுபடி ரத்தப் பரிசோதனை செய்து பார்க்கலாம். அளவு இறங்கிவிட்டால் காரணம் மாத்திரைதான்.

(திரையில்: எச்சரிக்கைக் குறி)

ஆனால் மனநல மருந்துகளில் இந்த வேலை வேண்டாம். ரிஸ்பெரிடோனும் ப்ரோலாக்டினை நன்றாகவே ஏற்றும். அதை டாக்டரைக் கேட்காமல் நிறுத்தினால் நோய் திரும்பிவிடலாம். மனநல மருத்துவரிடம் சொன்னால் அளவைக் குறைப்பார், அல்லது அரிபிப்ரசோல் போன்ற வேறொன்றுக்கு மாற்றுவார்.

டோம்பெரிடோனுக்கு ஐரோப்பிய மருந்து முகமை 2014இல் கட்டுப்பாடு போட்டது. குமட்டல், வாந்திக்கு மட்டும். பெரியவர்களுக்கு நாளுக்கு 30 மி.கி.க்கு மேல் கூடாது. பொதுவாக ஒரு வாரம் போதும். அதற்குக் காரணம் ஹார்மோன்கூட இல்லை, இதயத் துடிப்பு சீர்கெடும் ஆபத்து. நம் ஊர் கேப்ஸ்யூல்கள் பலவற்றில் ஒன்றிலேயே 30 மி.கி. இருக்கிறது, அதை மாதக்கணக்கில் விழுங்குகிறவர்களும் இருக்கிறார்கள். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது அந்த அட்டையையும் எடுத்துப் போங்கள்.