யூவி விளக்கு அடிச்சா மென்சவ்வு அயன் பரிமாறுமா?

வெள்ளவத்தையிலயிருந்து உயர்தரம் படிக்கிற ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறா: "சேர், போன வீடியோவில யூவி, அதாவது புறஊதாக் கதிர், அடிச்சு அயன் பரிமாற்ற மென்சவ்வு செய்யலாம் எண்டு சொன்னீங்கள். எங்கட வீட்டு வோட்டர் பில்டரிலயும் யூவி விளக்கு இருக்குது. அப்ப அதுக்குள்ள இருக்கிற மென்சவ்வும் அப்பிடி மாறிடுமா?"

மாறாது பிள்ளை. முதல் காரணம், அந்த விளக்கு தனியா ஒரு ஸ்டீல் குழாய்க்குள்ள இருக்குது. மென்சவ்வு அந்த வெளிச்சத்தைக் காணுறதே இல்ல.

ஆனா பிழை என்னிலயும் இருக்கு. அயன் பரிமாறுறதெண்டா மென்சவ்விலயே மின் ஏற்றம் ஒட்டியிருக்கோணும், வெளிச்சம் பட்டாலே அந்த ஏற்றம் வந்திடும் எண்ட மாதிரிக் கதைச்சிட்டன். மாங்கண்டில ஒட்டு வைக்கிறதை யோசியுங்கோ. கத்தி வெட்டினதாலயே கறுத்தக்கொழும்பான் மாம்பழம் காய்க்காது, ஒட்டுற கிளை கறுத்தக்கொழும்பானா இருக்கோணும். இங்க யூவி கத்தி மட்டும்தான், ஏற்றம் தாற கிளையை ஒட்டாட்டி ஒண்டும் நடவாது. அதுதான் ரெண்டாவது காரணம்.

பொலிபுரோப்பிலீன் எண்ட பிளாஸ்டிக்கில செய்த மென்சவ்வு ஒண்டை எடுப்பம். அதில பென்சோபீனோன் எண்ட, யூவியை உறிஞ்சுற சேர்வையைப் பூசி யூவி அடிச்சா, பென்சோபீனோன் சக்தியை வாங்கிக்கொண்டு பிளாஸ்டிக்கின்ர நீண்ட மூலக்கூறான பல்பகுதியச் சங்கிலியிலயிருந்து ஒரு ஐதரசனைப் பிடுங்கிடும். அந்த இடத்தில மூலிகம், அதாவது சோடியில்லாத இலத்திரன் ஒண்டு நிக்கிற, எதோடயும் ஒட்டத் துடிக்கிற இடம். மெதேன் குளோரினேற்றத்தில படிச்சீங்களே, அதே மாதிரி மூலிகம்தான். பக்கத்தில அக்கிரிலிக் அமிலம் இருந்தா அது அதில ஒட்டி, கிளையா நீளும். தண்ணிக்குள்ள அதின்ர காபொட்சிலிக் கூட்டம் ஐதரசன் அயனை விட்டிட்டு மறை ஏற்றத்தோட நிக்கும். சோடியம், கல்சியத்தை இழுக்கும், குளோரைட்டைத் தள்ளும். இது கற்றயன், அதாவது நேர் ஏற்ற அயன், பரிமாற்றம். ஆனா இது மென்னமிலம், பீஎச் 4க்குக் கீழ போனா ஏற்றம் பெரும்பாலும் போயிடும். மறை ஏற்ற அயனான அன்னயன் பரிமாற வேணுமெண்டா, அக்கிரிலிக் அமிலத்துக்குப் பதிலா கிளிசிடைல் மெதக்கிரிலேற்றை ஒட்டி, அதின்ர எப்பொக்சி வளையத்தை மூமெதைல் அமீனால திறக்கோணும். நேர் ஏற்றம் வரும்.

தொல்லை எங்க தெரியுமோ? ஒட்சிசன் மூலிகத்தை விழுங்கிடும், அதால முதல்ல நைதரசன் ஊதி ஒட்சிசனை வெளியேத்தவேணும். சாதாரணக் கண்ணாடி 254 நனோமீற்றர் கதிரை மறிச்சிடும், குவாட்ஸ் வேணும். பெரிய தொல்லை ஆழம். கதிர் மேற்பரப்பிலேயே உறிஞ்சப்பட்டுப் போகும். தடிச்ச படலத்தில ரெண்டு பக்கமும் ஏற்றம், நடுவில வெறும் பிளாஸ்டிக். மின்சாரத்தால அயனை மென்சவ்வுக்கூடாக இழுத்து உப்பைப் பிரிக்கிற மின்கூழ்பிரிப்புக்கு அது சரிவராது, அயன் நடுச்சுவரில முட்டி நிண்டிடும். அதுக்கு காமாக் கதிரோ இலத்திரன் கற்றையோ தான். துளையுள்ள மெல்லிய சவ்வுக்கு யூவிதான் வசதி எண்டு நான் சொல்லுவன், மலிவும் கூட.

மென்சவ்வு செய்யிற இன்னொரு பிளாஸ்டிக்கான பொலியீதர்சல்போன் கொஞ்சம் வேற ஆள். அது தானே யூவியை உறிஞ்சி உடைஞ்சு மூலிகம் தரும், பென்சோபீனோன் தேவையில்ல. ஆனா கூட நேரம் அடிச்சா சவ்வே சிதைஞ்சிடும்.

உங்கட வீட்டு யூவி கிருமியின்ர டீஎன்ஏயைத்தான் பழுதாக்குது. வறட்சிக்குக் களனி கங்கையில கடல் தண்ணி, கொழும்புக்குக் குடிதண்ணி எடுக்கிற அம்பத்தளைப் பக்கம் ஏறினா, அந்த உப்பை அது தொடவும் மாட்டுது.

ஒண்டு, பரிசோதிச்சுப் பாக்கிறன் எண்டு அந்த விளக்கைக் கழட்டி வெளிய எரிக்காதேங்கோ. கண் எரிவு அப்பவே தெரியாது, சில மணித்தியாலம் கழிச்சுத்தான் தொடங்கும். சரி, அடுத்த கேள்வி.