குஞ்சின் நிறமும் தாய் தகப்பனும்

நேயர்களுக்கு வணக்கம். முட்டையிலிருந்து வெளிவந்து ஒரு நாள்கூட ஆகாத கோழிக்குஞ்சு சேவலா பெட்டையா என்பதை, அதன் உடலைப் போர்த்தியிருக்கும் பஞ்சு போன்ற தூவியின் நிறத்தைக் கொண்டே சொல்லிவிட முடியும். எல்லாக் குஞ்சுகளிலும் இது முடியாது. எவற்றில் முடியும், ஏன் முடியும் என்பது விளங்காததால்தான் கோழி வளர்ப்போர் பலர் நட்டப்படுகிறார்கள். ஆகவே அந்தக் காரணத்தை இன்று சற்று விரிவாகவே சொல்கிறேன்.

மனிதரில் பிள்ளை ஆணா பெண்ணா என்பது தகப்பனின் விந்தணுவைப் பொறுத்தது. பறவைகளில் அது தாயைப் பொறுத்தது. சேவலின் உடலணுக்களில், மரபணுக்களைத் தாங்கியிருக்கும் குரோமோசோம்களில் இசட் எனப்படுவது இரண்டு இருக்கின்றன. பெட்டையிடம் ஓர் இசட்டும் ஒரு டபிள்யூவும் இருக்கின்றன. தாய் தன் இசட்டைக் கொடுத்தால் குஞ்சு சேவல், டபிள்யூவைக் கொடுத்தால் பெட்டை. ஆக, பெட்டைக் குஞ்சிடம் இருக்கும் ஒரே இசட் தகப்பனிடமிருந்து வந்ததுதான். இசட்டின் மேல் அமர்ந்திருக்கும் நிற மரபணு எதுவானாலும், தாயினுடையது மகனுக்கு மட்டுமே போகும். மகளுக்குப் போகவே போகாது.

பொன்னிறத்தையும் வெள்ளி நிறத்தையும் தீர்மானிக்கும் மரபணு அப்படி இசட்டின் மேல் இருப்பதுதான். இரண்டும் ஒரே உடலில் சேர்ந்தால் வெள்ளி மேலோங்கும். பொன்னிற வகையான ரோட் ஐலண்ட் ரெட் சேவலை, வெள்ளி வகையான லைட் சசெக்ஸ் பெட்டையுடன் சேர்த்தால், மகன்கள் தாயின் வெள்ளியை வாங்கிக்கொண்டு வெளிர்மஞ்சளாகவும், மகள்கள் தகப்பனின் பொன்னிறத்தோடு செம்பழுப்பாகவும் பிறப்பார்கள். பொரிப்பகத் தட்டை வெளியே இழுத்தவுடன், ஈரம் காய்ந்து தூவி மலர்ந்த குஞ்சுகளை இரண்டு கூடைகளில் பிரிப்பதற்கு எந்தப் பயிற்சியும் வேண்டியதில்லை. ஒரு சிறுபிள்ளைகூடச் செய்துவிடும்.

இதே சேவலைப் பட்டைக்கோடு போட்ட பிளைமவுத் ராக் பெட்டையுடன் சேர்த்தால் குஞ்சுகள் எல்லாமே கறுப்பாக இருக்கும். ஆனால் உச்சந்தலையைப் பார்க்க வேண்டும். சுண்ணாம்பு தொட்ட விரலை வைத்து எடுத்தாற்போல வெளிர்ப்புள்ளி ஒன்று இருந்தால் அது சேவல். தலை முழுக்கக் கறுப்பாக இருந்தால் பெட்டை.

இனி, தவறு நேரும் இடத்துக்கு வருகிறேன். பெற்றோரை இடம் மாற்றிவிட்டால், அதாவது வெள்ளிச் சேவலைப் பொன்னிறப் பெட்டையோடு சேர்த்தால், எல்லாக் குஞ்சும் வெளிறித்தான் பிறக்கும். நிறத்தில் ஒரு சேதியும் இராது. சரியான முறையில் சேர்த்துப் பெற்ற குஞ்சுகளையே தம்முள் சேர்த்தால், அடுத்த தலைமுறையிலும் நிறத்தை நம்ப முடியாது. எனக்குத் தெரிந்த விவசாயி ஒருவர், பொன்னிறச் சேவலுக்கும் வெள்ளிப் பெட்டைக்கும் பிறந்த பழுப்புப் பெட்டைகளைக் கூடப்பிறந்த சேவல்களோடேயே சேர்த்து, வந்த குஞ்சுகளில் செந்நிறமானவற்றை மட்டும் பெட்டை என்று நம்பி வளர்த்தார். இரண்டு மாதத்தில் பாதிக்குப் பாதி கொண்டை சிவந்து நின்றன. அவர் கண்ணில் பிழையில்லை. அந்தத் தலைமுறையில் ஆண், பெண் இரண்டிலுமே இரு நிறங்களும் சரிபாதியாகக் கலந்து வரும் என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. குஞ்சு விற்பவர்கள் இதைச் சொல்லியே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஒவ்வொரு முறையும் இரண்டு இனங்களைத் தனித்தனியாக வைத்துக் காப்பாற்ற வேண்டிய இந்தச் சிரமத்தைத் தீர்க்க முனைந்தவர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ரெஜினால்ட் பன்னெட். முதல் உலகப்போரில் இங்கிலாந்தில் தீவனம் அருமையாகிவிட்டதால், முட்டையிடாத சேவல் குஞ்சுகளைத் தொடக்கத்திலேயே பிரித்துவிட நிறத்தைப் பயன்படுத்தலாம் என்று எடுத்துச் சொன்னவர் அவர். பின்னர் 1920களின் இறுதியில் மைக்கேல் பீஸ் என்பவரோடு சேர்ந்து, காம்பைன் இனத்தையும் பட்டைக்கோட்டு ராக் இனத்தையும் கலந்து கேம்பார் என்ற புதிய இனத்தை உருவாக்கினார். பட்டைக்கோட்டு மரபணுவும் இசட்டின் மேல் இருப்பதுதான்; அது நிறத்தைக் குறைக்கும். பெட்டையிடம் அது ஒன்றுதான் இருக்க முடியும், தூய இனச் சேவலிடம் இரண்டு இருக்கும். இரண்டு பங்கு வாங்கிய சேவல் குஞ்சு நன்றாக வெளிறிவிடுகிறது. கறுப்புத் தூவியின் மேல் ஒரு பங்குக்கும் இரண்டு பங்குக்குமான இந்த வேறுபாடு தெளிவாகத் தெரிவதில்லை. பழுப்பு நிறத்தின் மேல் பளிச்சென்று தெரிகிறது. கேம்பாருக்குப் பின் வந்த லெக்பார் குஞ்சைக் கையில் எடுத்துப் பாருங்கள்: பெட்டையின் முதுகில் அணிற்கோடு போலக் கரும்பழுப்புக் கோடு ஓரம் கலையாமல் ஓடும், கண்ணருகே மை தீட்டியது போலொரு கீற்றும் இருக்கும்; சேவலில் அந்தக் கோடுகள் தண்ணீர் பட்ட எழுத்தாகக் கலங்கியிருக்கும். இனத்தைத் தூயதாகக் காக்கும்வரை ஒவ்வொரு தலைமுறையிலும் இது தொடரும். கோழி மரபியலில் இதைவிட அழகான வேலையை நான் அறியேன்.

நாமக்கல் பண்ணைகளில் வெள்ளை முட்டையிடும் லெகார்ன் வம்சக் கோழிகளே மிகுதி. அவற்றின் குஞ்சுகள் ஆண், பெண் எல்லாம் ஒரே மஞ்சள் என்பதால் நிறம் அங்கே உதவாது. இறக்கை இறகின் நீளத்தையோ எச்சத்துவாரத்தையோதான் பார்க்க வேண்டும். ஜெர்மனியில் ஒருநாள் சேவல் குஞ்சுகளைக் கொல்வதற்கு 2022 முதல் தடை வந்தபின், முட்டையின் ஓட்டுக்கு வெளியேயிருந்து ஒளி பாய்ச்சி, குஞ்சு பொரிவதற்கு முன்பே உள்ளே முளைத்திருக்கும் தூவியின் நிறத்தைக் கருவியால் அறிகிறார்கள். அந்த முறையும் பழுப்பு முட்டையிடும் கோழிகளுக்கே பயன்படுகிறது. பன்னெட் நம்பிய அதே பொன்னும் வெள்ளியும்தான் அங்கேயும் வேலை செய்கின்றன.

நிறம் பார்த்துக் குஞ்சு வாங்க நினைப்பவர்கள், குஞ்சைப் பார்ப்பதற்கு முன்பாகத் தகப்பன் எந்த இனம், தாய் எந்த இனம் என்று விற்பவரிடம் கேட்டுவிடுங்கள். வணக்கம்.